முப்பத்தெட்டு லாரிகளுக்கு ஒரு கையெழுத்து

செம்பூரில் நான் வழக்கமாகப் போகும் பெட்ரோல் பம்பில், தூணில் ஒரு கைப்பேசியை வரைந்து அதன்மேல் சிவப்புக் கோடு போட்டிருக்கிறார்கள். அதே தூணில் ஒரு சாண் கீழே, பணம் கட்டுவதற்கான க்யூஆர் அட்டை ஒட்டியிருக்கிறது. போன வாரம் ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போட்ட ஊழியர் அட்டையைக் காட்டி, "ஸ்கேன் கரோ அங்கிள்" என்றார். நான் மேலே இருந்த படத்தைக் காட்டினேன். அது பழைய போர்டு என்றார். பழையதுதான். அந்த மாதிரிப் போர்டுகளை மாட்டச் சுவரில் ஓட்டை போட்டவர்களில் நானும் ஒருவன்.

இதை எங்கள் ஓய்வு பெற்றோர் குழுவில் சொல்லிச் சிரித்தேன். உடனே ஆண்டு மலருக்கு, 'போன் பேசினால் பெட்ரோல் பம்ப் எரியுமா' என்று எழுதித் தரச் சொல்லிவிட்டார்கள். ஒரே வார்த்தையில் பதில் சொல்லலாம். ஆனால் எனக்கு நான்கு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்களாம்.

போனால் எரிந்ததாக நான் பார்த்ததில்லை. தீ வைப்பது பெரும்பாலும் நாம் கண்ணால் பார்க்க முடியாத ஒன்று. சீட்டில் சட்டை உரசும், குழாயில் எண்ணெய் உரசும். உரசிய இடத்தில் மின்சாரம் சேரும். நிலத்துக்கு இறங்க வழி கிடைக்காவிட்டால் ஒரு சிறு பொறியாகத் தாவும். பக்கத்தில் பெட்ரோல் ஆவி இருந்தால் அந்தப் பொறியே போதும். அதனால்தான் பிளாஸ்டிக் கேனை வண்டிக்குள் வைத்துக்கொண்டே நிரப்பக் கூடாது, தரையில் இறக்கி வைக்க வேண்டும். பெட்ரோல் ஏறும்போது காருக்குள் போய் உட்கார்ந்துவிட்டுத் திரும்ப வந்து குழாயைத் தொடக் கூடாது. இவ்வளவுதான் விஷயம். இந்த இவ்வளவுதானைக் காப்பாற்றுவதற்குத்தான் எனக்கு முப்பத்து மூன்று வருடம் சம்பளம் கொடுத்தார்கள்.

அம்பாசமுத்திரத்துப் பக்கம் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்துவிட்டு, தாராவியில் சித்தப்பா வீட்டில் தங்கி இரண்டு வருடம் கட்டடங்களுக்கு வயர் இழுத்தேன். பிறகு செம்பூரைத் தாண்டி, கடல் பக்கமாக இருந்த ஓர் எண்ணெய் டெப்போவில் வேலை கிடைத்தது. ஊருக்குக் கடிதம் போட்டபோது மின்சாரப் பிரிவில் பெரிய வேலை என்று எழுதினேன். உண்மையில் என் வேலை மின்சாரத்தை மண்ணுக்குள் அனுப்புவது. டெப்போவைச் சுற்றி எர்த் குழிகள் இருந்தன. உப்பும் கரியும் போட்டுச் செம்புத் தகடு புதைத்த குழிகள். அவற்றில் தண்ணீர் ஊற்ற வேண்டும், மீட்டர் வைத்து அளக்க வேண்டும், ரெஜிஸ்டரில் எழுத வேண்டும். குழிக்குத் தண்ணீர் ஊற்றுவதற்கா மும்பைக்கு வந்தீர்கள் என்று கல்யாணமான புதிதில் என் மனைவி கேட்டாள். அவள் சொன்னதில் தவறில்லை. வீட்டில் குழாயில் தண்ணீர் வராத நாட்களிலும் என் குழிகளுக்கு மட்டும் வேளாவேளைக்கு வந்துவிடும்.

எனக்கு மேலதிகாரி விஸ்வநாதன் ஸார். மாட்டுங்காவில் இருந்து வருவார். பாலக்காட்டுப் பக்கத்துக் குடும்பம். வெள்ளைப் பருத்திச் சட்டை தவிர வேறு எதையும் அவர் போட்டு நான் பார்த்ததில்லை; பருத்தி உரசினால் மின்சாரம் அவ்வளவாகச் சேராது. பாலியெஸ்டர் பரவியிருந்த காலத்தில், சுருங்கிப்போன பருத்திச் சட்டையோடு ஓர் அதிகாரி மீட்டிங்குக்கு வருவதைப் பார்த்து மற்ற அதிகாரிகள் அவருடைய மனைவிமேல் இரக்கப்பட்டார்கள். லாரிகள் நிரப்பும் மேடையில் ஏறுவதற்கு முன் படிக்கட்டில் இருக்கும் செம்புத் தகட்டை உள்ளங்கையால் தொடுவார். உடம்பில் சேர்ந்த மின்சாரத்தை இறக்கிவிட்டு ஏறுவது. கோவில் படியைத் தொட்டுக்கொள்வது போல இருக்கும். புதிதாக வந்த ஒரு கிளார்க் அவரை பக்திமான் என்றே நினைத்து, பிள்ளையார் சதுர்த்திக்கு அந்தத் தகட்டுக்குப் பூச் சுற்றி வைத்தார்.

விஸ்வநாதன் ஸார் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. கேள்வி மட்டும் கேட்பார். "இசக்கிமுத்து, பாத்தேளா, அளந்தேளா?" பார்த்தேன் என்றால் தலையை ஆட்டிவிட்டு அங்கேயே நிற்பார். நாம் போய் மீட்டரை எடுத்து வந்து அளந்து முடிக்கும்வரை நிற்பார். முதல் வருடம் அவர் நின்ற நேரத்தை எல்லாம் சேர்த்தால் ஒரு மாத லீவு தேறும்.

லாரி நிரப்பும் முறையை அவர் எனக்கு ஒரு தடவைதான் சொன்னார். லாரி வந்து நின்று இன்ஜின் அணைந்ததும் முதலில் எர்த் கிளிப். லாரியின் பின்பக்கம் கையளவு ஒரு பித்தளைத் துண்டு முடுக்கியிருக்கும்; அதை எர்த் பாயின்ட் என்போம். மேடையிலிருந்து எர்த் குழிக்குப் போகும் கம்பியில் தொங்கும் கிளிப்பை அதில் மாட்ட வேண்டும். பிறகுதான் டேங்கின் மேல்மூடியைத் திறப்பது. நிரப்பும் குழாயைத் தொட்டியின் அடிவரை இறக்க வேண்டும், மேலிருந்து கொட்டக் கூடாது. குழாயின் வாய் மூழ்கும்வரை மெதுவாக விட வேண்டும். நிரம்பியதும் உடனே அளவுகோலை விடக் கூடாது. சற்றுக் காத்திருக்க வேண்டும். எல்லாம் முடிந்து மூடியைப் போட்டபின், கடைசியில் கிளிப்பைக் கழற்ற வேண்டும். "எண்ணெய் ஓடறச்சே மின்சாரம் சேரும். அதை நம்மால தடுக்க முடியாது. அது மண்ணுக்குள்ள தன்னோட ஆத்துக்குப் போக வழி விடணும். அவ்வளவுதான் நம்ம உத்தியோகம்" என்றார்.

எங்கள் துறைக்கு மும்பையில் ஒரு பெரிய துணை உண்டு. இந்த ஊரின் பிசுபிசுப்பான காற்று. ஈரம் இருந்தால் மின்சாரம் தேங்காது, தானாகவே கசிந்து போய்விடும். வருடத்தில் முக்கால்வாசி நாள் எங்கள் வேலையை அந்த ஈரம்தான் பார்த்தது. 'இந்த மாதமும் விபத்தில்லை' என்று அறிக்கையில் எழுதிப் பெயர் வாங்கியது நாங்கள். ஜனவரி வாக்கில் வடக்கிலிருந்து வறண்ட காற்று வரும். ஈரம் லீவில் போகும். அப்போதுதான் எங்கள் வேலையின் லட்சணம் தெரியும்.

அப்படி ஒரு ஜனவரியில் தலைமை அலுவலகத்திலிருந்து பெரியவர்கள் டெப்போவைப் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. கைப்பேசி எல்லோர் சட்டைப்பைக்கும் வந்து சேர்ந்திருந்த காலம். வருகிறவர்கள் பார்க்கப்போவது பாதுகாப்பு ஏற்பாடுகளை. அதனால் மேனேஜர் எல்லாவற்றுக்கும் பெயின்ட் அடிக்க உத்தரவு போட்டார். சுவர், தூண், தீயணைப்பு வாளி, மரங்களின் அடிப்பகுதி எல்லாம் பளிச்சென்று ஆயின. டெப்போவுக்கு வரும் ஒப்பந்த லாரிகள் முப்பத்தெட்டும் ஒரே நிறத்தில் இருக்க வேண்டும், ஒரு பொட்டுத் துரு கண்ணில் படக் கூடாது என்று லாரி முதலாளிகளுக்கும் சொல்லியனுப்பினார்.

லாரிகள் பெயின்ட் அடித்து வந்து வரிசையாக நின்றன. அவற்றைச் சரிபார்த்துப் பட்டியலில் எழுதும் பொறுப்பு நான்கைந்து பேருக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. 'எர்த் பாயின்ட்' என்ற கட்டம் எனக்கு. விஸ்வநாதன் ஸார் அன்றைக்கு வேறு ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். மத்தியானம் இரண்டு மணி. வருகையோ மறுநாள் காலை. மேனேஜர் மேடை நிழலில் நின்று வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீட்டர் என் தோள்பையில்தான் இருந்தது. ஒவ்வொரு லாரிக்கும் அதை எடுத்து, இரண்டு முனையையும் மாட்டி, முள் எங்கே நிற்கிறது என்று பார்க்க ஐந்து நிமிடம் ஆகும். நான் லாரிகளின் பின்னால் நடந்தேன். எர்த் பாயின்ட் இருக்கிறதா? இருக்கிறது. முடுக்கியிருக்கிறதா? முடுக்கியிருக்கிறது. எல்லாம் மினுமினுவென்று இருந்தன. ஒரே வரிசையில் அத்தனை லாரிகள் புதிதுபோல நிற்பதைப் பார்க்க எனக்கே சந்தோஷமாக இருந்தது. முதல் கட்டத்தில் 'சரி' என்று எழுதி, அதற்குக் கீழே முப்பத்தேழுக்கும் மேற்படிக் குறி போட்டு, அடியில் கையெழுத்துப் போட்டேன். பட்டியலை நகல் எடுத்து கேட்டிலும் ஒட்டினார்கள்.

பெரியவர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், பாராட்டினார்கள். டெப்போவுக்கு ஒரு கேடயம் உறுதி என்று பேச்சு அடிபட்டது. நான்கு நாள் கழித்து லாரி தீப்பிடித்தது.

லாரியை ஓட்டியவன் சுடலைமுத்து. மான்குர்த்தில் குடியிருந்தான். எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரன் என்பதால் என்னை அண்ணாச்சி என்பான். அவன் லாரி முந்தின நாள் பெட்ரோல் கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்திருந்தது. அன்று டீசல் ஏற்ற வேண்டும். டீசல்தானே என்று எல்லோரும் அசட்டையாக இருக்கும் நேரம் அதுதான். காலித் தொட்டியில் பழைய பெட்ரோல் ஆவி மிச்சம் இருக்கும். சுடலை முறைப்படி கிளிப்பை மாட்டிவிட்டு மேலே ஏறியிருக்கிறான். தொட்டி நிரம்பியதும் குழாயை வெளியே தூக்கும்போது, மேல்மூடியின் விளிம்பில் பொறி தட்டியிருக்கிறது. பக்கென்று ஆள் உயரத்துக்குத் தீ.

வேறு யாராக இருந்தாலும் குதித்திருப்பார்கள். சுடலை குழாயைத் தள்ளிவிட்டு, இரண்டு கையாலும் இரும்பு மூடியை இழுத்து அறைந்து சாத்தினான். காற்று இல்லாமல் உள்ளே தீ அணைந்துவிட்டது. நான் ஓடிப் போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மேடையில் இன்னும் ஏழு லாரிகள் நிரம்பிக்கொண்டிருந்தன. அவன் மூடியைச் சாத்தியிருக்காவிட்டால் இந்தக் கட்டுரையை வேறு யாராவது எழுதியிருப்பார்கள். அவன் புருவம் இரண்டும் இல்லை. முன்கைகளில் தோல் சுருண்டு கிடந்தது. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது சட்டைப்பையிலிருந்து ஒரு கைப்பேசி விழுந்தது.

அந்தக் கைப்பேசி விழுந்த நொடியிலேயே விசாரணை முடிந்துவிட்டது என்று சொல்லலாம். போனை கேட்டிலேயே ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. அவன் ஒப்படைக்கவில்லை. ஆகவே போனால் தீ. மேனேஜர் அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுப் பூட்டிவைத்தார். போலீசிலும் எழுதிக்கொடுத்தார்கள். லாரி முதலாளி அன்று மாலையே அவனை வேலையிலிருந்து நிறுத்தினார். விசாரணைக் குழுவில் ஒருவர் அந்த போனின் பொத்தானை அழுத்திப் பார்த்தார். திரையில் வெளிச்சம் வரவில்லை. 'தீ விபத்தினால் கைப்பேசி செயலிழந்துள்ளது' என்று எழுதிக்கொண்டார்.

எனக்கு மட்டும் அந்தப் பட்டியல் ஞாபகம் வந்தது. எல்லோரும் டீ குடிக்கப் போன நேரத்தில் மீட்டரோடு அந்த லாரியின் பின்னால் போய்க் குனிந்தேன். ஒரு முனையை எர்த் பாயின்ட்டிலும் இன்னொன்றை அடிச்சட்டத்திலும் வைத்தேன். தொடர்பே இல்லை என்று காட்டியது மீட்டர். பேனாக்கத்தியால் பித்தளையைச் சுரண்டினேன். கெட்டியான பெயின்ட் சுருள் சுருளாக வந்தது. மறுபடி வைத்தேன். முள் வந்து நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. சுடலை கிளிப்பை மாட்டியிருக்கிறான், பெயின்ட்டின் மேல். கேடயத்துக்காக அடித்த பெயின்ட்டுக்கு மேல். அது சரி என்று கையெழுத்துப் போட்டவன் நான்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரண்டு கையிலும் கட்டோடு படுத்திருந்தான். நான் பழம் வாங்கிப் போயிருந்தேன். அதைக் கையில் வாங்க முடியாதவனுக்கு.

"போன்ல சார்ஜே இல்ல அண்ணாச்சி. எங்க ஏரியால ரெண்டு நாளா கரன்ட்டு கெடையாது. செத்த போனு. அதப் போயி எதுக்குக் கேட்ல குடுக்கணும்னு பையிலயே வச்சிட்டேன்" என்றான். பிறகு என் முகத்தையே பார்த்தபடி சொன்னான்: "நீங்க எனக்காக ஒண்ணு சொல்லணும். எர்த்து நான் போட்டுத்தான் ஏறினேன். ஒங்க பட்டியல்லயும் சரின்னுதான இருக்கு. எர்த்து சரியா இருந்துச்சுன்னு நீங்க சொன்னா நம்புவாவ."

சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். செம்பூர்வரை பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன். எர்த் சரியாக இருந்தது என்று நான் சொன்னால் என் கையெழுத்து பிழைக்கும். கூடவே, தீக்கு வேறு காரணமே இல்லாமல் போய், போன்தான் என்று முடிவாகிவிடும். எந்தச் சாட்சியைக் கேட்டானோ அதுவே அவனை உள்ளே தள்ளும்.

விஸ்வநாதன் ஸாரிடம் போய் நின்றேன். பெயின்ட்டைப் பற்றிச் சொன்னேன். பட்டியலைப் பற்றிச் சொன்னேன். அவர் தன் வழக்கமான கேள்வியைக் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. நானே சொன்னேன்.

"பார்த்தேன் ஸார். அளக்கலை."

மேஜைமேல் இருந்த காகிதங்களை அடுக்கி வைத்தார். பிறகு, "எங்கிட்ட சொன்னது பென்சில்ல எழுதின மாதிரி இசக்கிமுத்து. யார் வேணா அழிச்சுடலாம். மையால எழுதிக் குடுங்கோ. அதுக்கு முன்னால மிச்சம் முப்பத்தேழையும் போய் அளந்துட்டு வாங்கோ" என்றார். அவர் என்னிடம் கோபப்பட்டதற்கு மிக அருகில் வந்தது அன்றுதான்.

இரண்டு நாள் அளந்தேன். பாதிக்கு மேல் லாரிகளில் முள் அசையவில்லை. சில எர்த் பாயின்ட்டுகளுக்கு இரண்டு கோட்டிங் கொடுத்திருந்தார்கள். தரமான வேலை.

விசாரணையில் நான் எழுதியதை விஸ்வநாதன் ஸார் வாசித்தார். மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு இந்தியில் ஆறுதலாகப் பேசினார். எர்த்திங் இந்த விசாரணையின் வரம்பிலேயே வரவில்லை, நீ ஏன் நடுவில் வந்து விழுகிறாய் என்றார். ஒரு டிரைவருக்காக ஒரு டெப்போவின் பெயரைக் கெடுக்கலாமா என்றும் கேட்டார். கேட்டதற்குப் பதில் சொல்லாமல், என் வாக்குமூலம் பதிவாகிவிட்டதா என்று கேட்டேன். தைரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். விஸ்வநாதன் ஸார் வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவர் நின்றால் எப்படி நிற்பார் என்று எனக்குத் தெரியும்.

அறிக்கை வந்தது. அதில் முதல் காரணம், கைப்பேசியாக இருந்திருக்கலாம். இரண்டாவது, மூன்றாவது காரணங்கள் வறண்ட வானிலையும் டிரைவரின் அவசரமும். நான்காவதாக, 'தொடர்புப் பரப்பில் வண்ணப்பூச்சு காணப்பட்டது'. யார் பூசியது என்று இல்லை. ஏதோ இரவில் பெய்த பனி போல எழுதியிருந்தார்கள். ஆனாலும் அந்த நான்காவது வரியை வைத்துத்தான் சுடலையின் வக்கீல் போலீஸ் கேஸைக் கலைத்தார். எனக்கு மெமோவும் ஒரு வருட இன்கிரிமென்ட் நிறுத்தமும் கிடைத்தன. அந்த வருடம் கேடயம் வரவில்லை. அடுத்த வருடம் வந்தது.

அடுத்த வருடத்துக்கு முன் ஒரு சீர்திருத்தமும் நடந்தது. ஒவ்வொரு லாரியிலும் 'எர்த் பாயின்ட், இங்கே பெயின்ட் அடிக்கக் கூடாது' என்று எழுத வேண்டும் என்று உத்தரவு. ஒரு லாரி முதலாளி அதை மிகவும் பொறுப்போடு, எர்த் பாயின்ட்டின் மேலேயே சிவப்புப் பெயின்ட்டால் எழுதி அனுப்பினார். அதையும் நான்தான் சுரண்டினேன். இப்போது எல்லாம் மாறிவிட்டது. கிளிப் சரியாகப் பிடித்தால்தான் பச்சை விளக்கு எரியும். எரிந்தால்தான் எண்ணெய் வரும். இயந்திரத்துக்கு மத்தியானம் இரண்டு மணி என்பது கிடையாது. நல்ல ஏற்பாடு.

நான் ஓய்வு பெற்ற அன்று மேடையில் எனக்கு ஜரிகை போட்ட நைலான் சால்வை போர்த்தினார்கள். அதை எடுக்கும்போது படபடவென்று சத்தம் வந்தது, தலைமயிர் எழுந்து நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். விஸ்வநாதன் ஸார் உயிரோடு இருந்திருந்தால் நிகழ்ச்சியிலிருந்து எழுந்து போயிருப்பார்.

சுடலையை எந்த முதலாளியும் எண்ணெய் லாரிக்கு எடுக்கவில்லை. அவன் தண்ணீர் டேங்கர் ஓட்டப் போனான். பிறகு சொந்தமாக ஒன்று வாங்கினான், இன்னொன்று வாங்கினான். கோவண்டியில் எங்கள் அடுக்குமாடிச் சொசைட்டிக்குத் தண்ணீர் வராத நாட்களில், எத்தனை பேர் கேட்டு நின்றாலும் அவன் டேங்கர் முதலில் எங்கள் கேட்டுக்குத்தான் வரும். தீபாவளிக்கு இனிப்பு வரும். அண்ணாச்சி வேலை போனாலும் பரவாயில்லைன்னு எனக்காக எழுதிக் குடுத்தாவ என்று எல்லோரிடமும் சொல்வான். ஒவ்வொரு முறையும் நான் பேச்சை மாற்றிவிடுவேன். நான் எழுதிக் கொடுத்தது அவனுக்கு ஓரளவுதான் தெரியும் என்று நினைத்தேன். பெயின்ட் என்று தெரியும். அளக்காமல் கையெழுத்துப் போட்டவன் நான் என்பது அந்த அறைக்குள் இருந்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

இந்தக் கட்டுரையை எழுதச் சொன்னபோது, அச்சில் பார்த்து அவன் தெரிந்துகொள்ளக் கூடாது என்று தோன்றியது. போன ஞாயிற்றுக்கிழமை மான்குர்த்துக்குப் போனேன். அவன் ஷெட்டில் டேங்கரின் வால்வைக் கழற்றிக்கொண்டிருந்தான். கைகளில் தோல் இன்னும் இரண்டு நிறமாகத்தான் இருக்கிறது. டீ வரவழைத்தான். நான் டீயைத் தொடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். மீட்டர் பைக்குள்ளேயே இருந்ததையும் சொன்னேன்.

அவன் கையில் இருந்த ஸ்பானரைக் கீழே வைத்தான்.

"அந்த எர்த்து பாயின்ட்டுக்குப் பெயின்ட் அடிச்சது யாருன்னு நெனச்சிய அண்ணாச்சி? நான்தான்" என்றான். "பெயின்ட்டர் அதை விட்டுட்டுத்தான் அடிச்சிருந்தான். ஒரு பொட்டுத் துரு தெரியக் கூடாதுன்னு மொதலாளி சத்தம் போட்டாரு. அது மட்டும் கருப்பா அசிங்கமா இருந்துச்சு. மிச்ச பெயின்ட்டை நானே பிரஷ்ல எடுத்துத் தடவிட்டேன். ஆஸ்பத்திரியில ஒங்களப் பாத்ததும், கண்டுபிடிச்சிட்டாவளோன்னு எனக்குப் பயம். அதான் எர்த்து சரின்னு சொல்லச் சொன்னேன்."

இத்தனை வருடமாக வந்த தண்ணீருக்கும் இனிப்புக்கும் கணக்கு வேறு மாதிரி இருந்திருக்கிறது. சொல்லக் கூடாததாக இருந்தாலும் சொல்கிறேன், எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. பாதி அவனுடையது, பாதி என்னுடையது என்று பிரித்துக்கொண்டு டீயைக் கையில் எடுத்தேன்.

"தடவின பெறவு எனக்கு மனசு கேக்கல பாத்துக்கிடுங்க" என்று அவன் தொடர்ந்தான். "கிளிப்பு பிடிக்குமா பிடிக்காதான்னு ஒரே யோசனை. சொரண்டிருவோம்னுதான் மறுநாளு கத்தியெல்லாம் எடுத்திட்டு வந்தேன். கேட்ல பட்டியலு ஒட்டியிருந்துச்சு. என் வண்டி நம்பரத் தேடிப் பாத்தேன். கீழ ஒங்க கையெழுத்து. சரி, அண்ணாச்சி மீட்டரு வச்சிப் பாத்து சரின்னுட்டாவ, பெயின்ட்டுனால ஒண்ணும் ஆவாது போலன்னு கத்திய உள்ள வச்சிட்டேன்."

முப்பத்து மூன்று வருடத்தில் எத்தனை ஆயிரம் இடங்களில் கையெழுத்துப் போட்டிருப்பேன் என்று எனக்குத் தெரியாது. அவற்றை அதிகாரிகள் எண்ணினார்கள், கிளார்க்குகள் ஃபைலில் கோத்தார்கள். நின்று வாசித்து, நம்பி, அதன்படி நடந்தவன் ஒருவன்தான். அவன் என் டீ ஆறிவிட்டது என்று சொல்லி, இன்னொரு டீ கொண்டுவரச் சொல்லிக்கொண்டிருந்தான்.